பழனிவேலுக்குச் சொல்லாமல் விட்ட வாக்கியம்

ஆண்களுக்கும் மார்பு வளரும் என்று நான் சொன்னதும் உங்களில் பாதிப் பேர் சிரித்தீர்கள். போன வாரம் நர்ஸ் பயிற்சியில் இருக்கிற உங்களிடம் வார்டில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தபோது பின்வரிசையை நன்றாகவே பார்த்தேன். எனக்கு வயதாகிவிட்டதே தவிர, தூரப் பார்வை இன்னும் கெட்டுப்போகவில்லை. உங்கள் மேல் கோபமில்லை, பிள்ளைகளே. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஊரை விட்டே போன ஒருவனை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனைப் பற்றிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் எழுதித் தருகிறேன், ஓய்வு நேரத்தில் படியுங்கள்.

நான் மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவைக்கூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கத்தியை எப்படி எடுத்துக் கொடுப்பது, கட்டை எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறது. மார்புக் குறைப்பு ஆப்பரேஷனுக்கு வருகிற ஆண்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களில் ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில், கொஞ்சம் நீளமாக.

அப்போது நாங்கள் காஜா பேராங்கில், செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிர் வீட்டில் பழனிவேல். கிளேபாங் பக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அக்கா தனம்தான் வளர்த்து ஆளாக்கினார். நல்ல உயரம், ஒட்டின வயிறு, கணீரென்ற குரல். ஆனால் முதுகைக் கூனித்தான் நடப்பான். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டைக்குள்ளே இரண்டு பனியன். சில்லறைப் பையின் தோல் வாரை நெஞ்சுக்குக் குறுக்கே விட்டு, டிக்கெட் கட்டை எப்போதும் மார்போடு அணைத்தே வைத்திருப்பான். சாயங்காலத்தில் சந்துக் குழாயடியில் நாங்கள் எல்லாம் இடுப்பில் துண்டோடு கும்மாளம் போட்டுக் குளிப்போம். அவன் மட்டும் வாளியில் தண்ணீர் பிடித்துப் போய், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பான். கோயிலுக்கும் வரமாட்டான், சட்டையைக் கழற்ற வேண்டுமே. சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று சந்தில் அவனுக்குப் பெயர்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. தனம் அக்கா தம்பிக்குப் பெண் பார்த்து முடித்தார். குருபோங் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற கித்தாத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவரின் மகள், பெயர் லெட்சுமி. வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்றைக்குப் பழனிவேல் கல்யாணமே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றான். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காரணம் கேட்டால் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலைக்காரன் என்பதால் என்னிடம் வந்தான்.

“அண்ணே, நலங்கு வைப்பாங்கல்ல?”

“வைக்காமலா? குருபோங்குல உனக்கு நாலு மச்சானுங்களாமே. மஞ்சள்ல முக்கி எடுத்துடப் போறானுங்க.”

“சட்டையைக் கழட்டணும்ல?”

“பின்னே, சட்டையோடவா பூசுவாங்க?”

அவன் எழுந்து போய் என் வீட்டுக் கதவைச் சாத்தினான். சட்டையைக் கழற்றினான். ஒரு பனியன், அப்புறம் இன்னொன்று. இரண்டு பக்கமும் திரண்டு நின்றது மார்பு. தொட்டுப் பார்த்தேன். கொழுப்பு இல்லை. காம்புக்கு அடியில் கெட்டியாக, வட்டமாக, சுரப்பி கையில் தட்டுப்பட்டது. மீசை அரும்பின வயதில் ஆரம்பித்ததாம், வற்றவே இல்லையாம். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்திருந்த பட்டப் பெயரை அன்றைக்குத்தான் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“தோட்டமே வந்து நிக்கும்ணே. அந்தப் பொண்ணும் எங்கிருந்தாவது பார்த்துக்கிட்டு இருக்கும். அந்த மணையில உட்கார்றதுக்கு ஊரை விட்டே ஓடிடலாம்.”

“மடையா, இதுக்கு ஆப்பரேஷன் இருக்குடா” என்றேன். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் சர்ஜன் ஒரு வெள்ளைக்காரர். துரை என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆடி மாதம் கப்பல் ஏறி ஊருக்குப் போகவிருந்தார். அவருக்குப் பிறகு வருகிறவர் இப்படிப்பட்ட ஆப்பரேஷனில் கை வைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமோ வைகாசியில். ஆகவே எல்லாமே அவசரம். பழனிவேலைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

துரை சிரிக்கவில்லை. அவனை வேட்டியையும் அவிழ்க்கச் சொல்லி, விதைகளைத் தொட்டுப் பார்த்தார். ஈரலை அமுக்கிப் பார்த்தார். என்னென்ன மருந்து, லேகியம் சாப்பிடுகிறான் என்று கேட்டார். மார்பைக் காட்ட வந்தவனை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார் என்று எனக்கே தோன்றியது. வேறு எங்கோ ஒளிந்திருக்கிற நோய் சில சமயம் மார்பில்தான் முதலில் தலை காட்டும் என்று பிறகு விளக்கினார். இதை நீங்கள் மறக்கக் கூடாது. பதின்வயதுப் பையன்கள் வந்தால் அவசரப்படவும் கூடாது, அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வற்றிவிடும். பழனிவேலுக்கு வேறு நோய் எதுவும் இல்லை. வற்றுகிற வயதும் தாண்டிவிட்டது.

இந்தப் பரிசோதனை வரைக்கும் நான் அங்கே இருந்தேன். அதற்குள் குடல் முறுக்கிக்கொண்ட ஒரு கேஸ் வந்துவிட்டது. கூடத்தைத் தயார் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். துரை பழனிவேலிடம் விளக்க வேண்டியதை இன்னும் விளக்கவில்லை. அவருக்கு மலாய் தெரியும் என்று பெயர்தான், எங்கே வலி, வாயைத் திற என்பதோடு சரி. முக்கியமான பேச்சு என்றால் ஆங்கிலத்தில் சொல்வார், எங்களில் ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குப் பெரிய டிரஸ்ஸர் வந்து நின்றார். நிம்மதியாகப் போனேன்.

பெரிய டிரஸ்ஸர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கிற எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், என்னை இந்த வேலையில் நிறுத்தியவர். பருத்த உடம்பு, மெத்தென்ற கை. தோட்டத்து ஜனங்கள் டாக்டரைத் தேட மாட்டார்கள், இவரைத்தான் தேடுவார்கள். தோளில் கையை வைத்து, “ஒன்னும் ஆகாது, நான் இருக்கேன்ல” என்பார். அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் கெட்ட வார்த்தை என்பது அவருக்கு வசவு அல்ல, சாவு, ரத்தம், பிழைப்பது கஷ்டம் என்பவைதான். அவற்றை அவர் வாயால் சொல்லவே மாட்டார். துரை எதைச் சொன்னாலும் அதன் கூர்முனையை மழுக்கிவிட்டுத்தான் தமிழில் தருவார். நாங்கள் எல்லாரும் அதை ஒரு நல்ல குணமாகத்தான் நினைத்தோம்.

அன்று சாயங்காலம் பழனிவேல் குழாயடிக்கே வந்து என்னைக் கூப்பிட்டான்.

“பெரிய டிரஸ்ஸரு சொல்லிட்டாருண்ணே. சின்ன ஆப்பரேஷன்தானாம். கொஞ்ச நாள் கட்டு இருக்குமாம். அப்புறம் மாப்பிள்ளையா ஜம்முனு மணையில உட்காரலாமாம்.”

“துரை என்ன சொன்னாரு?”

“அவரு நிறைய பேசினாருண்ணே. பெரிய டிரஸ்ஸரு சுருக்கமா சொன்னாரு.”

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

சித்திரைக் கடைசியில் ஆப்பரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறி, அந்தச் சின்ன வாசல் வழியாகவே சுரப்பியை எடுத்தார் துரை. காம்பு பள்ளமாக விழுந்துவிடாமல் இருக்க அடியில் கொஞ்சம் சதையை விட்டு வைத்தார். ரத்தம் வடியப் பக்கத்துக்கு ஒரு ரப்பர் குழாய். மேலே இறுக்கமான கட்டு. அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். துரை கேட்டார், “கல்யாணத்தை எந்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்?”

“தள்ளி வைக்கவில்லையே, ஐயா. வைகாசியில்தான்” என்றேன்.

அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத் தான் விளக்கியதை எனக்கு ஒருமுறை சொன்னார். கட்டைப் பிரித்ததும் நெஞ்சு முழுவதும் கறுத்து நீலம் பாய்ந்திருக்கும். முன்பு இருந்ததைவிடப் பெரிதாகக்கூட வீங்கியிருக்கலாம். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று தெரியலாம். உள்ளே ரத்தம் கட்டினால் மறுபடி திறந்து எடுக்க வேண்டி வரலாம். காம்பில் உணர்ச்சி மரத்துப்போகலாம், சிலருக்கு அது திரும்பி வராமலும் போகலாம். கையைத் தூக்கக் கூடாது, பாரம் சுமக்கக் கூடாது. தையல் சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் வீக்கம் முழுக்க வற்றி நெஞ்சு தட்டையாக வர வருஷக் கடைசி ஆகும். ஆகவே கல்யாணத்தை வருஷக் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொல். இவ்வளவையும் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாராம். பெரிய டிரஸ்ஸர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, அவனிடம் ஏதோ சொன்னாராம்.

நான் நேரே வார்டுக்குப் போனேன். பெரிய டிரஸ்ஸர் இன்னொரு நோயாளிக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பத்திரிகை கொடுத்தாச்சுப்பா” என்றார். “நாள் குறிச்ச கல்யாணத்தைத் தள்ளி வச்சா ஜனங்க என்ன சொல்லும்? பொண்ணு ராசியில்லாதவன்னு சொல்லும். அந்தப் பொண்ணு தலையில நாமளா பழியைத் தூக்கி வைக்கிறது? நம்ம வாயால அதைச் சொல்லலாமா?”

“துரை சொல்லச் சொன்னாரேண்ணே. வீங்கியிருக்கும், கறுத்திருக்கும்னு அதையாவது சொல்லியிருக்கலாமே?”

“கத்திக்குப் போறவன்கிட்ட நல்ல வார்த்தைதான் சொல்லணும். இளவயசு. துரை பயந்துக்கிட்டுச் சொல்றாரு. சீக்கிரமே வத்திடும் பாரு.”

அவர் பொய்யர் இல்லை. லஞ்சம் வாங்கத் தெரியாதவர், ஒருவரையும் ஏமாற்றியதில்லை. முகம் தெரியாத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்பட்டு, அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டார். அதை விழுங்கினதும் மற்றதும் கூடவே உள்ளே போய்விட்டது.

மறுநாள் துரையே படுக்கைக்கு வந்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி முதலிலிருந்து சொன்னார். இந்தமுறை நான் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். பழனிவேல் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். துரை அந்தப் பக்கம் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“வெள்ளைக்காரங்க எதையும் கூட்டித்தாண்ணே சொல்லுவாங்க. பெரிய டிரஸ்ஸரு பார்க்காத புண்ணா?”

“டேய், கத்தி வச்சது அவருடா.”

“அதுக்காக? பெரிய டிரஸ்ஸருக்கு என்னாண்ணே, என்கிட்ட பொய் சொல்லணும்னு வேண்டுதலா?”

சரி, இவனிடம் பேசிப் பயனில்லை என்று தனம் அக்காவிடம் போனேன். நெஞ்சில் ஒரு கட்டி என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது, புண் ஆறட்டும் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“வாயைக் கழுவுங்க தம்பி! நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது? பெரிய டிரஸ்ஸரே தெம்பா இருங்கன்னு சொல்லிட்டாரு.”

பிள்ளைகளே, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நோயாளியின் காதில் முதலில் விழுந்த சொல் உள்ளே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அது இனிப்பான சொல்லாக இருந்துவிட்டால், பின்னால் வருகிற உண்மைக்கு அங்கே இடமே கிடைக்காது. நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். படம் வரைந்துகூடக் காட்டினேன். அவன் நம்ப விரும்பியது வேறு. கத்தி வைப்பதற்கு முன்னால், எல்லாவற்றையும், அவன் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் ஆப்பரேஷன் வேண்டும் என்பவன் கட்டைப் பிரிக்கும்போது கலங்க மாட்டான்.

கட்டைப் பிரித்தது நான்தான். பெரிய டிரஸ்ஸர் அன்றைக்கு விடுப்பு. பழனிவேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், முதல்முறையாக முதுகைக் கூனாமல். கடைசிச் சுற்றை எடுத்ததும் குனிந்து பார்த்தான். துரை சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. கழுத்துக்குக் கீழேயிருந்து விலா வரைக்கும் கறுப்பும் நீலமும் மஞ்சளுமாக. வலது பக்கம் உப்பி நின்றது. காம்பைச் சுற்றிப் பொருக்கு. உள்ளபடி அது நன்றாக ஆறிக்கொண்டிருந்த புண். எனக்கு அது தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?

“என்னண்ணே, முன்னைக்கு இது பெருசா இருக்கே.”

“வீக்கம்டா. வத்திடும்.”

“எப்போ?”

“வருஷக் கடைசிக்குள்ள. துரை உன்கிட்ட சொன்னாருல்ல?”

பனியனை எடுத்து நெஞ்சை மூடிக்கொண்டான். அப்புறம், “நலங்கு அடுத்த வாரம்ணே” என்றான். குரலில் கோபமே இல்லை.

“நான் அக்காகிட்ட பேசறேன். நெஞ்சுல புண்ணு, சட்டையோட உட்காரட்டும், கைகாலுக்கு மட்டும் மஞ்சள் பூசுங்கன்னு சொல்றேன்.”

“என்ன புண்ணுன்னு கேப்பாங்க. மச்சானுங்க சும்மா விடுவாங்களா?” என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, ஒன்னே ஒன்னு. நான் எதுக்கு இங்க படுத்திருந்தேன்னு யாருக்கும் சொல்லக் கூடாது. அக்காவுக்குக்கூட. சத்தியமா.”

சத்தியம் செய்தேன். செய்யாமலும் இருக்க முடியாது, அது நம் வேலையின் தர்மம்.

நலங்கு அன்று காலையில் தனம் அக்கா போட்ட அலறலில் சந்தே கூடிவிட்டது. பழனிவேல் இல்லை. சில்லறைப் பையை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு, தம்பின் ஊருக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறினானாம். அங்கிருந்து சிங்கப்பூர் ரயில். கங்காணி வீட்டார் சீர் தட்டுகளோடு லோரியில் வந்து இறங்கியபோது மணை இருந்தது, மஞ்சள் இருந்தது, மாப்பிள்ளை இல்லை. லெட்சுமியின் அண்ணன்மார்கள் கத்தினார்கள். கங்காணி மட்டும் லோரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதரின் முகத்தை நான் மறக்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

பெண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று பெரிய டிரஸ்ஸர் பயந்தாரோ, அதையே சொன்னது. கூடவே அவர் நினைத்துப் பார்க்காததையும் சொன்னது. அவளைப் பார்த்த மாப்பிள்ளை நாட்டை விட்டே ஓடினான் என்று. மானம் காக்க வேண்டும் என்று ஆவணியிலேயே அவளை ஒரு லோரி டிரைவருக்கு, மனைவியை இழந்தவருக்கு, கட்டிவைத்தார்கள். ஊரெல்லாம் புதுக் கொடி கட்டியிருந்த மாதம் அது. கொட்டு மேளம் இல்லாமல் நடந்த கல்யாணம் என்று கேள்விப்பட்டேன்.

துரை ஆடியில் கப்பல் ஏறுவதற்கு முன்னால், “அந்தப் பையனின் நெஞ்சு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தன் வேலை எப்படி வந்தது என்று பார்க்காமலே போனார்.

பெரிய டிரஸ்ஸர் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு தனம் அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, “என்னாலதாம்மா” என்றார். அக்கா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “நீங்க என்னாங்கய்யா பண்ணுவீங்க, நல்ல வார்த்தைதானே சொன்னீங்க” என்று காபி கலக்க உள்ளே போனார். திரும்பி வரும்போது பெரிய டிரஸ்ஸர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை.

“எல்லாருக்கும் நல்லதாவே சொல்லிச் சொல்லித்தாம்பா நல்லவன்னு பேர் வாங்கினேன்” என்றார். “எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பேன்?”

அதன் பிறகு துரைமாருக்கு மொழிபெயர்க்க அவர் வரவே இல்லை. கூப்பிட்டால் என்னைக் கைகாட்டிவிடுவார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை குறையவில்லை. வருத்தம்தான் கூடியது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். போனேன். கையில் பச்சைக் குழந்தை. “நான்தான் குருபோங் லெட்சுமி” என்றாள்.

“நீங்க அவரு வீட்டுக்கு எதுத்த வீடாம்ல. அவரு இங்கதான் படுத்திருந்தாராமே. அவருக்கு என்னாங்க சீக்கு?”

நான் படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

“பழசைக் கிளறிச் சண்டை போடறதுக்கு இல்லீங்க. வீட்டுக்காரரு நல்லாத்தான் வச்சிருக்காரு. என்னைப் பார்த்துப் பிடிக்காமத்தான் ஓடினாருன்னு ஊரு சொல்லுது. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், போதும்.”

“அப்படி இல்லம்மா” என்றேன்.

“அப்போ என்னாங்க?”

என்னால் சொல்ல முடியவில்லை. நோயாளியின் ரகசியம் அவனுடையது, நமக்குப் பிடித்தவர்களிடம்கூட அதைக் கொடுத்துவிட நமக்கு உரிமை இல்லை. நான் ஒப்புக்குச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்க்க ஆரம்பித்தாள். வார்டை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பழனிவேல் திரும்பி வந்தது அதற்கும் பிறகு. தனம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் நிமிர்ந்து நின்றிருந்தான். முதலில் யாரென்று தெரியவில்லை. நெஞ்சைப் பார்த்தேன். தட்டையாக, மற்ற ஆண்களின் நெஞ்சுபோல. காம்பைச் சுற்றி உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற தழும்பு. துரையின் கைவேலை எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று பேசினோம்.

“எப்படா வத்துச்சு?”

“கொஞ்சங் கொஞ்சமாண்ணே. நான் பார்க்கறதையே விட்டுட்டேன். பனியனோடதான் குளிக்கறது. தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேய்க்கலாம்னு கழட்டினேன். குனிஞ்சு பார்த்தா ஒன்னுமே இல்ல.” கொஞ்சம் நிறுத்தினான். “அப்படியே ஈரத் தலையோட உட்கார்ந்து அழுதேண்ணே. ஊருக்கு வந்து அவங்க காலுல விழுந்தாவது கேட்டுடலாம்னு அக்காவுக்கு எழுதினேன். ஆவணியிலேயே முடிஞ்சிருச்சுன்னு பதில் வந்துச்சு.”

வைகாசிக்கும் தீபாவளிக்கும் நடுவே எத்தனை மாதம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். துரை கேட்டது அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொண்டானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“அவங்க என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருக்காங்கண்ணே?”

பிரசவ வார்டில் அவள் கேட்டதைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. தோளில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“சொல்லிடுங்கண்ணே” என்றான். “சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன். எல்லாத்தையும் சொல்லிடுங்க. இனி யாருக்கு உதவும்னாலும் சொல்லுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் குருபோங் போனேன். லெட்சுமி தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இன்னொரு குழந்தை. என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மார்பு, பட்டப் பெயர், நலங்கு, துரை சொன்ன வருஷக் கடைசி, அதைச் சொல்லாமல் விட்டது, தள்ளி வைத்தால் அவளுக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயந்தது, தீபாவளிக் குளியல். ஒன்றையும் மழுக்கவில்லை.

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

“தள்ளி வச்சா என்னை ராசியில்லாதவன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்தாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. காத்துக்கிட்டு இருந்திருப்பேனே.”

அழவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். நான் சைக்கிளை எடுத்துத் திருப்பினேன். நாலடி போயிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, அவருக்கு அந்தப் புண்ணு நல்லா ஆறிடுச்சா?”

ஆறிவிட்டது அம்மா, உற்றுப் பார்த்தால்தான் தழும்பு தெரியும் என்றேன்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வாளியை எடுத்தாள்.